உரக்கடைக் கணக்கிலிருந்து கடன் கோப்பு வரை

வணிகவியல் பட்டப்படிப்பை 2017ஆம் ஆண்டு கும்பகோணத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் நான் முடித்தபோது, காவிரி டெல்டாவில் புதிதாக ஆள் சேர்க்கும் மனநிலையில் எவரும் இல்லை. முந்தைய நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாகிக் கடைத்தெருவில் ரொக்கப் புழக்கம் குறைந்திருந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. வழக்கமான ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையும் திறக்கப்படவில்லை. நெல் விளையாத ஆண்டில் அரிசி ஆலை, உரக்கடை, டிராக்டர் முகவர், ஜவுளிக்கடை என எல்லோரும் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். நகை அடகுக் கடையில் மட்டுமே கூட்டம் இருக்கும். அந்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் நின்றார்.

கும்பகோணம் நிதித் தொழிலுக்குப் புதிய ஊர் அன்று. 1904இல் கும்பகோணம் பேங்க் என்ற பெயரில் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகம் இன்றும் இங்கேதான் உள்ளது; பரஸ்பர சகாய நிதிகளும் சீட்டு நிறுவனங்களும் தலைமுறைகளாக இயங்கிவரும் தெருக்கள் இங்கே உண்டு. ஆயினும் கணக்கர் வேலைக்கான விளம்பரம் ஒவ்வொன்றிலும், டேலி என்ற கணக்கு மென்பொருளைக் குறிப்பிட்டு, ‘டேலியில் இரண்டாண்டு முன் அனுபவம்’ என்ற வரி தவறாமல் இருந்தது. அனுபவம் இல்லாதவருக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவருக்கு அனுபவம் கிடைக்காது என்ற அந்தச் சுழற்சியைப் பற்றிப் பட்டதாரிகள் புலம்புவதை இப்போதும் கேட்கிறேன். தஞ்சாவூரில் ஒரு வீட்டுக் கடன் நிறுவனக் கிளையின் செயல்பாட்டுப் பிரிவில் இருந்துகொண்டு, அவ்வப்போது நேர்காணல் மேசையின் மறுபக்கத்தில் உட்காரும் வாய்ப்பும் பெற்ற பிறகு, அந்த வரி எதைக் கேட்கிறது என்பது எனக்கு ஓரளவு விளங்குகிறது. இரண்டாண்டு என்ற எண்ணிக்கையைவிட, பிறருடைய பணத்தைக் கையாண்டு, மாலையில் கணக்கும் இருப்பும் ஒத்துப்போகும்வரை எழுந்திருக்காத பழக்கம் உள்ளவரா, அதற்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா என்பதையே மேலாளர்கள் தேடுகிறார்கள். இந்த இரண்டையும் வேலை கிடைப்பதற்கு முன்பே திரட்டிக்கொள்ள முடியும் என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில், நிதித்துறை வேலை என்ற பெயரில் டெல்டாவில் ஒரு புதிய பட்டதாரியின் முன் வந்து விழுபவை என்ன என்று பார்ப்போம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் வெள்ளிக்கிழமைகளில் நடத்தும் சிறு முகாமாயினும், கல்லூரி வளாகத்தில் நடக்கும் பெரிய முகாமாயினும், அங்கே வரிசையாகப் போடப்பட்டிருக்கும் மேசைகளில் பெரும்பாலானவை விற்பனை அல்லது வசூல் வேலைக்கானவை. கணக்கும் கோப்பும் பார்க்கும் வேலை மிகக் குறைவாகவே முகாமுக்கு வரும். அது பெரும்பாலும் ஒருவர் மற்றொருவரிடம் சொல்லி நிரம்பிவிடும்.

குறுநிதி நிறுவனங்களின் களப்பணியாளர் வேலை எளிதில் கிடைக்கும். இருசக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால் போதும் என்பார்கள். கிராமந்தோறும் சென்று பெண்கள் குழுக்களைக் கூட்டி, கடன் விண்ணப்பம் வாங்கி, தவணை வசூலித்து, அன்று மாலையே கிளையில் கட்ட வேண்டிய வேலை அது. இத்தகைய கடனைப் பெறும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் நிலுவைக்காகக் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்றெல்லாம் ரிசர்வ் வங்கி 2022இல் விதித்த நெறிமுறைகள் இப்போது உள்ளன. நேர்காணலுக்குச் செல்பவர் இவற்றைப் படித்துவிட்டுச் சென்றால், அந்த நிறுவனம் விதிகளை மதிக்கிறதா என்பதையும் தானே எடைபோட்டுக்கொள்ளலாம். என் கல்லூரித் தோழி ஒருத்தி இந்த வேலையில் சேர்ந்து, இன்று ஒரு கிளையின் மேலாளராக இருக்கிறாள். வீட்டில் இருட்டுவதற்குள் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு இருந்ததால் அந்த வழி அடைபட்டது. இன்றைய பெண்களில் பலருக்கும் அந்த நிபந்தனை இருக்கிறது. அதை மறைக்காமல் கணக்கில் எடுத்துக்கொண்டே வேலை தேட வேண்டியிருக்கிறது.

காப்பீட்டு முகவர் பணியையும் சில மேசைகளில் ‘நிதி ஆலோசகர்’ என்ற பெயரில் தருவார்கள். அதில் சம்பளம் இல்லை, தரகுத்தொகை மட்டுமே உண்டு என்பதைக் கேட்டுத் தெளிந்துகொண்டால் அதில் தவறேதும் இல்லை. ஆனால் மூன்றாவது வகை ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

டெபாசிட் பிடிக்கும் வேலை அது. பளபளப்பான அலுவலகம், கழுத்தில் அடையாள அட்டை, பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளம் என்று தொடங்கும். பிறகு, மாதந்தோறும் இத்தனை லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கொண்டுவந்தால்தான் அந்தச் சம்பளம் என்பது தெரியவரும். புதிதாக வந்த பட்டதாரிக்கு யாரைத் தெரியும்? சித்தப்பாவையும் அத்தையையும் ஓய்வுபெற்ற ஆசிரியரையும்தான் தெரியும். நிறுவனத்துக்கு வேண்டியதும் அந்த உறவு வட்டம்தான். நிறுவனம் மூடப்பட்டுவிட்டால், ஊரில் பணம் கட்டியவர்கள் அந்த முதலாளியைத் தேடிப் போக மாட்டார்கள், வாங்கிச் சென்ற பெண்ணின் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். தமிழ்நாட்டில் வைப்பீட்டாளர் நலனைப் பாதுகாப்பதற்கென 1997லேயே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதே இந்த மாநிலத்தில் இது எவ்வளவு பழைய நோய் என்பதைக் காட்டும். ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்தது.

இத்தகைய இடத்தைச் சேர்வதற்கு முன்பே அடையாளம் காண வழி உண்டு. ‘நிதி’ என்று பெயரில் முடியும் நிறுவனங்கள் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 406ஆம் பிரிவின்கீழ் வருபவை. தம் உறுப்பினர்களிடம் மட்டுமே பணம் வாங்கவும் கடன் கொடுக்கவும் அவற்றுக்கு அனுமதி உண்டு. சீட்டு நடத்த அவற்றுக்கு உரிமை இல்லை. வைப்புத்தொகை திரட்டித் தருபவருக்குத் தரகோ ஊக்கத்தொகையோ தரவும் 2014ஆம் ஆண்டு நிதி விதிகள் தடை விதிக்கின்றன. ஆகவே, தன்னை ‘நிதி’ என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனம், டெபாசிட் கொண்டுவந்தால் கமிஷன் தருகிறேன் என்று சொன்ன அந்த நொடியே விதியை மீறிவிட்டது. மேற்கொண்டு ஆராய ஏதும் இல்லை. வங்கியல்லாத நிதி நிறுவனமாயின், அது பொதுமக்களிடம் வைப்பு வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள பட்டியலிலேயே பார்த்துவிடலாம். அனுமதி பெற்றதும்கூட ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தர முடியாது. அதற்கு மேல் வட்டி சொல்லி வைப்பு திரட்டும் இடத்தில் முதல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

எனக்கு வழி திறந்தது வரி மாற்றத்தால். 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. முப்பதாண்டு அனுபவமுள்ள கணக்கர்களுக்கும் அது நேற்றுக்கிடைத்த புதுப்பாடம். விற்பனை வரிக் கணக்கில் கரைகண்டவர்கள், மாதந்தோறும் இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும் என்றதும் மலைத்து நின்றார்கள். வேலை தேடும் ஒருவருக்கு இதைவிட நல்ல தருணம் அமையாது என்பது அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். கையில் வேறு வேலை இல்லாததால் மத்திய அரசு வெளியிட்ட கேள்வி–பதில் தொகுப்பை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்த மாமா ஒருவர், குடவாசலில் உரக்கடை வைத்திருப்பவரிடம் என்னை அழைத்துச் சென்றார். கடைக்காரர் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. “ஒரே பில்லுல மூணு வரி வருதும்மா, அதப் பிரிச்சுப் போடத் தெரியுமா?” என்றார். விதைக்கு வரி இல்லை, உரத்துக்கு 5 சதவீதம், பூச்சிமருந்துக்கு 18 சதவீதம் என்று சொன்னேன். உரத்துக்கு 12 சதவீதம் என்று முதலில் அறிவித்து, நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள்தான் 5ஆகக் குறைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவருடைய கணக்கருக்கு அந்தக் கடைசி மாற்றம் தெரிந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து வரச் சொன்னார். மாதம் நாலாயிரம் ரூபாய்.

நாலாயிரம் ரூபாய்க்குப் பட்டதாரி உழைப்பதா என்று உறவினர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. குறைந்த சம்பளத்தை அனுபவம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் ஏற்றுக்கொள்ளுமாறு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஓராண்டுக்கு மேல் ஒரே மாதிரியான பதிவுகளை மட்டும் செய்யவைக்கும் இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். ஆனால் அந்த முதல் சில மாதங்களில் கிடைத்தவை வேறெங்கும் விலைக்குக் கிடைத்திருக்காது. வங்கிச் சரிகட்டும் பட்டியலைத் தேர்வில் எட்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருந்தேன். கடையில் அமர்ந்து, கொடுத்த காசோலை பணமாகாமல் கிடப்பதையும், வங்கி பிடித்த கட்டணம் கடைப் புத்தகத்தில் ஏறாமல் இருப்பதையும், ஒரே பெயருள்ள இரண்டு விவசாயிகளின் வரவு மாறிப் பதிவாகியிருப்பதையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, இறுதியில் வித்தியாசம் பூஜ்யம் ஆகும்போதுதான் அந்தப் பட்டியல் எதற்காக என்று புரிந்தது. 2018இல் மானிய உரத்தை ஆதார் பதிவு செய்து விற்பனை இயந்திரத்தின் வழியே விற்கும் முறை நாடெங்கும் வந்தபோது, இயந்திரம் காட்டும் மூட்டை இருப்பும் கிடங்கில் உள்ள மூட்டை எண்ணிக்கையும் டேலியில் உள்ள சரக்கிருப்பும் மூன்றும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. ஒத்துப்போகாத நாளில் எங்கே தவறியது என்று தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை அங்கே பழகியதுதான்.

கடன் நோட்டு இன்னொரு பாடம். டெல்டாவில் உரமும் மருந்தும் பெரும்பாலும் கடனுக்கே போகும். சம்பா அறுவடையாகி, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் விவசாயியின் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் அந்தக் கடன் அடையும். ஆகையால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடையின் வங்கிக் கணக்கில் வரவு கொட்டும். சாகுபடிக் காலத்தில் செலவாகவே இருக்கும். யார் அறுவடை முடிந்த வாரத்திலேயே வந்து கொடுப்பார், யார் அடுத்த சாகுபடிவரை இழுப்பார் என்பதைக் கடைக்காரர் நோட்டைப் பார்க்காமலே சொல்வார். நிலுவையை முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று பிரித்து எக்செல் தாளில் நான் போட்டுக் காட்டியபோது, அவர் மனத்தில் வைத்திருந்த வரிசையும் என் தாளில் வந்த வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கடன் மதிப்பீடு என்று பின்னாளில் பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்தது இதைத்தான்.

டேலி கற்க ஏராளமான மையங்கள் உள்ளன. மூன்று மாதச் சான்றிதழுக்கு வாங்கும் தொகையும் சிறிதன்று. அடிப்படையே தெரியாதவர் ஒரு மாதம் போய் வரட்டும். அதற்கு மேல் தேவைப்படுவது பயிற்சி மட்டுமே. டேலியின் கல்விப் பயன்பாட்டு முறை இலவசம். மாதத்தின் முதல் இரண்டு தேதிகளிலும் கடைசித் தேதியிலும் மட்டும் பதிவு செய்ய அது இடம் தரும், பழகுவதற்கு அது தாராளமாகப் போதும். தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் ஒரு மாதத்துக் கொள்முதல், விற்பனைப் பட்டியல்களைக் கேட்டு வாங்கி, முழுவதையும் ஏற்றி, இருப்பாய்வு (ட்ரையல் பேலன்ஸ்) எடுத்து, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) வரை கொண்டுவந்துவிட்டால், நேர்காணலில் பேசுவதற்குச் சொந்தமாக ஒன்று கையில் இருக்கும். எக்செல்லில் இரண்டு பட்டியல்களை ஒப்பிடத் தெரிந்திருப்பது அதைவிடவும் முக்கியம் என்பது என் கருத்து. கடையின் கொள்முதல் பதிவேட்டையும், மாதந்தோறும் 14ஆம் தேதியையொட்டி வரி இணையதளத்தில் வரும், விற்பனையாளர்கள் ஏற்றிய விவரங்களைக் காட்டும் 2பி அறிக்கையையும் ஒப்பிட்டு, எந்த விற்பனையாளர் விவரம் ஏற்றவில்லை என்று சொல்லத் தெரிந்த பட்டதாரிக்குத் திருவாரூரிலோ மன்னார்குடியிலோ வேலை இல்லாமற்போவதை நான் பார்த்ததில்லை.

தன்விவரக் குறிப்பு எழுதும்போது பலர் விட்டுவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். அம்மா இருந்த மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை நான் பத்தாம் வகுப்பிலிருந்து எழுதிவந்தேன். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பும் உள்கடனும் பதியும் பேரேடு எனக் குழுவின் ஏடுகள் அனைத்தையும் வங்கியில் காட்டி, கடன் இணைப்புக்கான தரமதிப்பீட்டுக்கும் நானே உடன் போயிருக்கிறேன். அதை அனுபவம் என்று எழுதலாமா என்ற தயக்கத்தில் முதலில் எழுதவில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்த அக்கா ஒருவர்தான் வற்புறுத்திச் சேர்க்கச் செய்தார். “குழுவுக்கு உதவினேன்” என்று எழுதாமல், எத்தனை உறுப்பினர், எந்த ஏடுகள், எத்தனை ஆண்டு, எந்த வங்கிக் கிளையில் தணிக்கைக்கு ஏற்கப்பட்டன என்று எழுதச் சொன்னார். இன்று என் முன்னே வரும் விண்ணப்பங்களில் ‘கடின உழைப்பாளி, விரைந்து கற்பவர்’ என்ற வரிகளை என் கண் தானாகவே தாண்டிச் சென்றுவிடுகிறது. அப்பாவின் நெல் வியாபாரத்துக்கு நாட்குறிப்பு எழுதியவர், கோயில் திருவிழா வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் படித்தவர், கல்லூரி விடுதியில் உணவுக் கணக்கைப் பார்த்தவர் ஆகியோர் அதை எண்ணிக்கையோடு எழுதியிருந்தால் அங்கே கண் நிற்கும்.

உரக்கடையிலிருந்து கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு உதவியாளராக மாறினேன். சி.ஏ. படிக்காதவர்களும் அங்கே பதிவு, தாக்கல் வேலைகளுக்குத் தேவைப்படுகிறார்கள். 2018 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் உயர்ந்திருந்ததால் சம்பள உயர்வின் பெரும்பகுதி பயணச்சீட்டுக்கே போயிற்று. 2021க்குப் பிறகு நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகும் பெண்களைப் பார்க்கும்போது, ஒரு சிறிய சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய பங்கு என்பது எனக்குத் தெரியும். ஆடிட்டர் அலுவலகத்தின் தனிச்சிறப்பு, ஒரே ஆண்டில் பலவகைத் தொழில்களின் புத்தகங்களைப் பார்க்கக் கிடைப்பது. அரிசி ஆலையில் அரிசியுடன் தவிடும் உமியும் குருணையும் விற்பனையாகும், அவற்றின் கணக்கு தனி. பாத்திரக் கடையில் பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஜவுளிக்கடைக்குத் தீபாவளி ஒரு மாதத்தில் ஆண்டு விற்பனையின் பாதி. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தேங்காய் வியாபாரிகளின் ஏடுகளில் வராக்கடன் என்றால் என்னவென்று கண்ணெதிரே கண்டேன். தோப்பே விழுந்துவிட்ட விவசாயிக்கு முன்பணம் கொடுத்திருந்த வியாபாரி அதை எந்த ஆண்டில் எந்த அளவுக்கு எழுதித் தள்ளுவது என்பது பாடப்புத்தகக் கணக்காக இருக்கவில்லை.

இதற்கிடையே வங்கித் தேர்வு. டெல்டாவில் ஒவ்வொரு தெருவிலும் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவராவது இருப்பார். நானும் எழுதினேன், முதல்நிலை தாண்டி முதன்மைத் தேர்வில் நின்றுவிட்டேன். எழுத்தர் பணிக்கு 28, அதிகாரி பணிக்கு 30 என்ற உச்ச வயது வரம்பும், பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்றாண்டு, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்தாண்டு தளர்வும் இருப்பதால், முயல்வதற்கு ஆண்டுகள் உண்டு. ஆனால் பயிற்சி மையத்துக்கும் வீட்டுக்குமாக மூன்று நான்கு ஆண்டுகளை மட்டுமே செலவிட்டுவிட்டுத் தனியார் வேலைக்கு வருபவரிடம் “இடையில் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்வி எழும். காலையில் படிப்பு, பகலில் ஏதேனும் ஒரு கணக்கு வேலை என்று வைத்துக்கொண்டவருக்கு அந்தக் கேள்வி எழாது. கூட்டுறவு வங்கிகளிலும் சங்கங்களிலும் உதவியாளர் பணிக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் தேர்வு நடத்தும். அதற்குப் பட்டத்துடன் கூட்டுறவுப் பயிற்சியும் வேண்டும் என்பதை அறிவிப்பு வந்த பின்பு தெரிந்துகொள்பவர்களே அதிகம். ‘ஜெ.ஏ.ஐ.ஐ.பி. பயிற்சி தருகிறோம்’ என்று கட்டணம் கேட்பவர்களிடமும் கவனம் தேவை. அது ஏற்கெனவே வங்கி, நிதி நிறுவனங்களில் பணிபுரிபவர்கள் எழுதும் தேர்வு. எவரும் எழுதக்கூடியதாக ஒன்று வேண்டுமென்றால், பரஸ்பர நிதி (மியூச்சுவல் ஃபண்ட்) விநியோகஸ்தர்களுக்காக என்.ஐ.எஸ்.எம். என்ற தேசியப் பத்திரச் சந்தைப் பயிற்சி நிறுவனம் நடத்தும் தேர்வு இருக்கிறது: நூறு கேள்விகள், தேர்ச்சிக்கு ஐம்பது மதிப்பெண், சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். அது தானாக வேலை வாங்கித் தராது. பாடத்தை முறையாகப் படிக்க ஒரு காரணமாக இருக்கும்.

வீட்டுக் கடன் நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றபோது என்னுடன் காத்திருந்தவர்களில் எம்.பி.ஏ. முடித்தவர்கள் இருந்தார்கள். கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று: ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீத நிலையான வட்டி, பன்னிரண்டு தவணை, உண்மையான வட்டி என்ன? முதலுக்கு முழு ஆண்டும் வட்டி போட்டு 12,000 ரூபாய் சேர்த்தால் தவணை 9,333 ரூபாய். ஆனால் மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே போவதால், குறையும் நிலுவைக்கான வட்டியாகப் பார்த்தால் அது 21 சதவீதத்துக்கும் மேல். எங்கள் ஊரில் தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வாங்கிச் செல்வதை விவரித்து, அதே முறையில் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும் என்றேன். கேட்டவர் சிரித்துவிட்டார்.

அடுத்த கேள்விதான் வேலையைத் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ ஒருவர் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் வீட்டின் மீது கடன் கேட்கிறார், வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அவர் பெயரில் உள்ளன, கொடுக்கலாமா? இந்த ஊர்களில் கோயில் அடிமனையிலும் மடத்து அடிமனையிலும் கட்டப்பட்ட வீடுகள் ஏராளம்; கட்டடம் குடியிருப்பவருடையது, நிலம் கோயிலுடையது, மாதந்தோறும் அடிமனை வாடகை கட்டுவார்கள். வீட்டு வரி ரசீது நிலத்தின் உரிமையை நிலைநாட்டாது. கோயில் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி ஆணையரின் முன் அனுமதி வேண்டும். ஆகவே முதலில் மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் கேட்பேன், அடிமனை வாடகை கட்டுகிறாரா என்று விசாரிப்பேன் என்று சொன்னேன். எம்.பி.ஏ. வகுப்பில் இது வந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் அத்தை வீடே அடிமனையில்தான் இருக்கிறது. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு அப்பாவுடன் அலைந்த பிள்ளைகள் டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். கடன் கோப்பு பார்க்கும் வேலைக்கு அந்த அலைச்சல் நேரடித் தகுதி. அதை அப்படியே நேர்காணலில் சொல்லுங்கள்.

சேர்ந்த பிறகு உரக்கடைக் கடன் நோட்டும் கைகொடுத்தது. ஓர் இடுபொருள் வியாபாரியின் வங்கிக் கணக்கில் வரவு சில மாதங்களில் குவிந்து பல மாதங்களில் வற்றியிருப்பதைச் சென்னை அலுவலகம் ஒழுங்கற்ற வருமானம் என்று குறித்து அனுப்பியிருந்தது. சம்பா அறுவடையையும் கொள்முதல் பணம் வரும் காலத்தையும் மூன்றாண்டு வரவுகளுடன் ஒப்பிட்டு நான் எழுதிய ஒரு பக்கக் குறிப்பின் மீது அந்தக் கோப்பு மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

இப்போது தேடுபவர்களுக்கு 2017ஐப் போன்ற தருணம் மீண்டும் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத வரி அடுக்குகள் பெரும்பாலும் நீங்கி, 5, 18 என்ற இரண்டும், சில பொருள்களுக்கு 40 என்பதும் நிற்கின்றன. டிராக்டரும் நுண்ணூட்டச் சத்துகளும் 12இலிருந்து 5க்கு வந்தன. பூச்சிமருந்து பொதுவாக 18லேயே இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1; பிரிவு எண்கள் மாறிவிட்டன, ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரட்டை வழக்கு போய் ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே வந்துவிட்டது. பழைய பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருந்த மூத்தவர்களும் இதில் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியவர்களே. பழைய எண், புதிய எண் என்று இரண்டு நிரல்களில் ஓர் அட்டவணையைத் தானே தயாரித்துக்கொண்டு ஆடிட்டர் அலுவலகத்துக்குச் செல்லும் புதிய பட்டதாரியை யாரும் அனுபவம் கேட்டுத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பொதுத்துறை வங்கிகள் பழகுநர் சட்டத்தின்கீழ் ஓராண்டுக்குப் பட்டதாரிகளை எடுப்பதையும் கவனித்து வரலாம். அது முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை என்ற உறுதி கிடையாது. வங்கிக் கிளையின் உள்ளே ஓராண்டு இருந்ததற்கான சான்று கிடைக்கும்.

கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்கள் வேலை தேடும் காலத்தில் அதை மறந்துவிடக் கூடாது. படிப்புக்குப் பின் ஓராண்டு அவகாசம் முடிந்து தவணை தொடங்கியதும் கட்டாமல் விட்டால் அது, ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டிய வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் ஏறிவிடும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஆள் எடுக்கும்போது அந்தப் பதிவைப் பார்க்கின்றன. கட்ட இயலாத நிலையில் கிளைக்கு நேரில் சென்று எழுத்து மூலம் அவகாசம் கேட்பது நல்லது.

வேலை உறுதியான பிறகு சில இடங்களில் அசல் பட்டச் சான்றிதழைப் பிணையாக வைக்கச் சொல்வார்கள். பயிற்சிக் கட்டணம், சீருடைக் கட்டணம் என்று முன்பணமும் கேட்பார்கள். எந்த வங்கியும் முறையான எந்த நிதி நிறுவனமும் வேலை தருவதற்குப் பணம் வாங்குவதில்லை. எங்கள் கிளையில் அசலைச் சரிபார்த்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, அசலை அந்த மேசையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் தொகை கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தால், அந்தத் தொகையையும் காலத்தையும் எழுத்தில் வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று ஒரு நாள் வைத்திருந்து படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதற்கு அவகாசம் தராத நிறுவனத்தில் சேர வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.